ஓல்ட் நார்த் சர்ச்: லாந்தர் எரிஞ்சது ஒரு நிமிஷம் கூட இல்ல, மீதிக் கதைதான் பெருசு

கேள்வி இதுதான்: "அடுத்த மாசம் குடும்பத்தோட பாஸ்டன் போறோம். ஓல்ட் நார்த் சர்ச்சுன்னு ஒண்ணு இருக்காம், 1775ல பிரிட்டிஷ் பட்டாளம் கிளம்பறதை எச்சரிக்க அதோட கோபுரத்துல ரெண்டு லாந்தர் ஏத்தின கதை தெரியும். அதைத் தவிர அங்க என்ன இருக்கு? கட்டடமா பாத்தா விசேஷம் எதாவது உண்டா, இல்ல வெளிய நின்னு ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடலாமா?"

வெளிய நின்னு போட்டோ மட்டும் எடுத்துட்டு வந்துடாதீங்க. நான் அந்த ஊர்ல இருந்த வருஷங்கள்ல ஊர்ல இருந்து யார் வந்தாலும் அங்க கூட்டிட்டுப் போயிருக்கேன், முதல் ரெண்டு தடவை நானும் லாந்தர் கதையை மட்டும்தான் சொல்லிட்டிருந்தேன், அப்புறம்தான் உள்ள இருக்குற ஒவ்வொரு சாமானும் எந்தக் கப்பல்ல வந்துச்சு, யார் காசு, அந்தக் காசு எங்கருந்து வந்துச்சுன்னு பாக்க ஆரம்பிச்சேன், அதுக்கப்புறம் அந்த சர்ச்சு எனக்கு வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சுது. துறைமுகத்துச் சர்ச்சு அது. மரம், மணி, தேவதை பொம்மை, காசு எல்லாமே கடல்ல வந்தது.

முதல்ல இது என்ன சபைன்னு சொல்லிடறேன், ஏன்னா பாதிக் கதை அதுலதான் இருக்கு. பாஸ்டன் பியூரிட்டன்கள் உண்டாக்கின ஊர். இங்கிலாந்துல ராஜாவோட சபையில இருக்குற பிஷப்பு, சடங்கு, கிறிஸ்துமஸ் எதுவும் வேணாம்னு கடல் தாண்டி வந்த ஆளுங்க. அந்த ஊர்லயே 1686ல கிங்ஸ் சாப்பல்னு ஒரு ஆங்கிலிக்கன் சபை, அதாவது அதே ராஜாவோட சபை, வந்து உக்காந்துச்சு, உள்ளூர்க்காரனுக்கு எரிச்சல்னா எரிச்சல். வியாபாரிங்க, கப்பல் கேப்டன்மாருங்க, அதிகாரிங்கன்னு அங்க கூட்டம் சேர்ந்து இடம் பத்தாமப் போக, நார்த் எண்ட் பக்கம் ரெண்டாவதா ஒண்ணு கட்டலாம்னு வசூல் பண்ணி 1723 ஏப்ரல் 15ம் தேதி மூலைக்கல் வெச்சாங்க. அதே வருஷம் டிசம்பர் 29ம் தேதி முதல் ஆராதனை நடந்துடுச்சு. எட்டரை மாசத்துல ஒரு பெரிய செங்கல் சர்ச்சு, மெஷின் ஒண்ணும் இல்லாத காலத்துல! கோபுரம் எல்லாம் அப்புறம்தான் வந்துச்சு, ஆனாலும் கொத்தனாருங்க நல்லா ஓட்டியிருக்காங்க. சர்ச்சோட சரியான பேர் கிறைஸ்ட் சர்ச். ஓல்ட் நார்த்ங்கறது ஜனங்க கூப்பிட்டுக் கூப்பிட்டு நிலைச்ச பேர், பாஸ்டன்ல இன்னிக்கு நிக்கிற சர்ச்சு கட்டடங்கள்லயே பழசு இதுதான்.

இன்னிக்கு இது எபிஸ்கோபல் சர்ச்சு. எபிஸ்கோபல்னா என்னன்னு கேப்பீங்க. பிஷப்பு இருக்குற சபைன்னு அர்த்தம், அவ்வளவுதான். சுதந்திரம் வந்ததுக்கப்புறம் அமெரிக்காவுல "ராஜாவை ஆசீர்வதியும்"னு ஜெபம் பண்ண முடியாதில்ல, அதனால இங்கிலாந்து சபையில இருந்து பிரிஞ்சு 1789ல எபிஸ்கோபல் சர்ச்சுன்னு தனியா அமைச்சுக்கிட்டாங்க. அவங்களோட முதல் பிஷப்பு சாமுவேல் சீபரி, இங்கிலாந்துல பட்டம் வாங்கணும்னா ராஜாவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கணும்னு இருந்ததால ஸ்காட்லாந்து போய் 1784ல அபர்டீன்ல பட்டம் வாங்கிட்டு வந்தார். நம்ம ஊர்ல 1947ல சி.எஸ்.ஐ-ல போய் கலந்த ஆங்கிலிக்கன் சபை இருக்கே, அதே குடும்பம்தான், அதனால நம்ம பக்கத்து பழைய சி.எஸ்.ஐ சர்ச்சுல வளந்தவங்களுக்கு ஆராதனை முறை கேட்ட மாதிரியே இருக்கும்.

இங்க முதல் குருவா வந்தவர் திமோத்தி கட்லர். இவர் கதையில நம்ம மெட்ராஸ் எட்டிப் பாக்குது, அதனால ஒரு நிமிஷம் நிக்கறேன். கட்லர் அதுக்கு முன்னாடி யேல் காலேஜுக்குத் தலைவரா இருந்தார், 1719ல இருந்து. அந்தக் காலேஜுக்கு யேல்னு பேர் வந்ததே 1718ல, எலிஹு யேல் 9 மூட்டை சரக்கும் 417 புத்தகமும் முதலாம் ஜார்ஜ் ராஜாவோட படமும் அனுப்பி வெச்சதுக்கு நன்றியாத்தான். அந்த எலிஹு யேல் யாரு? நம்ம புனித ஜார்ஜ் கோட்டையில 1687ல இருந்து 1692 வரைக்கும் கவர்னரா உக்காந்து, கம்பெனி வியாபாரத்தோட சொந்த வியாபாரத்தையும் சேத்து நல்லா சம்பாதிச்ச ஆசாமி. கோட்டைக்குள்ள இருக்குற செயின்ட் மேரீஸ் சர்ச்சுல 1680ல பதிவான முதல் கல்யாணமே அவரோடதுதான். மெட்ராஸ்ல சேத்த காசால பேர் வாங்கின காலேஜ், அந்தக் காலேஜோ பியூரிட்டன் பாதிரிமார்களை உருவாக்கற இடம், அதுக்குத் தலைவரான கட்லர் 1722 பட்டமளிப்பு விழாவுல ஜெபத்தை முடிக்கும்போது ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்துல வர்ற மாதிரி "ஜனங்களெல்லாரும் ஆமென் சொல்வார்களாக"ன்னு முடிச்சார். அந்த ஒரு வரிதான். கூட்டமே ஆடிப்போச்சு. வேலையும் போச்சு. லண்டன் போய் ஆங்கிலிக்கன் குருப்பட்டம் வாங்கிட்டு நேரா வந்து இந்தப் புது சர்ச்சுல உக்காந்துட்டார், 1765ல சாகற வரைக்கும் இங்கதான்.

சரி, கட்டடத்துக்கு வருவோம்.

லண்டன் 1666ல பத்தி எரிஞ்சப்புறம் கிறிஸ்டோபர் ரென் ஐம்பதுக்கும் மேல சர்ச்சுகளைத் திரும்பக் கட்டினார். அந்த பாணியைத்தான் இங்க கொண்டு வந்திருக்காங்க. ரென் செத்ததும் அதே 1723லதான், இந்தச் சர்ச்சை அவர் கண்ணால பாக்கல, அவருக்குத் தெரிஞ்சிருக்கவே வாய்ப்பில்ல. வில்லியம் பிரைஸ்னு பாஸ்டன்ல படம், மேப் எல்லாம் விக்கிற ஒரு கடைக்காரர், சபை ஆள், ரென் சர்ச்சுகளைப் பத்தி தெரிஞ்சு வெச்சிருந்தவர், டிசைன் அவரோடதுன்னு வழக்கமா சொல்லுவாங்க. அந்த ஊர்ல அப்போ ஆர்க்கிடெக்ட்னு தனித் தொழிலே கிடையாது. படம் பாத்து, புத்தகம் பாத்து, பெரிய கொத்தனாரையும் தச்சரையும் வெச்சுக்கிட்டு கட்டறதுதான். செங்கல் வேலை பாத்தவங்கள்ல ஒருத்தர் எபனேசர் கிளஃப், அவர் 1715 வாக்கில கட்டின சொந்த வீடு சர்ச்சுக்குப் பக்கத்துலயே இன்னும் நிக்குது, ரெண்டையும் சேத்தே பாருங்க.

அளவு சொல்றேன்: நீளம் 70 அடி, அகலம் 51, உயரம் 42. சுவர் ரெண்டரை அடி கனம். மொத்தம் 513,654 செங்கல்னு ஒரு கணக்கு சொல்றாங்க, அந்தக் கடைசி நாலு செங்கலை எண்ணினவன் யாருன்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம். செங்கல் மெட்ஃபர்டுல சுட்டு வந்தது. வெளிச்சுவர்ல கொஞ்சம் கிட்டப் போய் பாருங்க, ஒரு வரிசை முழுக்க செங்கலோட நீளப் பக்கம் தெரியும், அடுத்த வரிசை முழுக்க தலைப் பக்கம் மட்டும் தெரியும், மறுபடி நீளம், மறுபடி தலை. இது இங்கிலீஷ் பாண்ட். சிவில் படிச்சவங்க முதல் வருஷத்துலயே வரைஞ்சிருப்பீங்க. செலவு ஜாஸ்தி, ஏன்னா தலை வரிசைக்கு செங்கல் நிறைய போகும், ஆனா சுவர் ஒண்ணோட ஒண்ணு நல்லா கவ்விக்கும். முன்னூறு வருஷமா கடல் காத்தையும் பனியையும் வாங்கிட்டு நிக்குதுன்னா சும்மாவா.

உள்ள போனதும் முதல்ல தோணறது வெளிச்சம். ரெண்டு அடுக்கா வளைவு ஜன்னல், கலர் கண்ணாடி கிடையாது, எல்லாம் வெறும் தெளிவான கண்ணாடி. பழைய கத்தோலிக்க கதீட்ரல் மாதிரி இருட்டு, மர்மம், தூபம் அதெல்லாம் இதுல இல்ல. ரென்னோட எண்ணமே அதுதான், சர்ச்சுங்கறது எல்லாரும் உக்காந்து பிரசங்கத்தைக் காதால கேக்கறதுக்கும் கண்ணால பாக்கறதுக்கும் உண்டான ஹால். அதனாலதான் நீளத்தைக் குறைச்சு, ரெண்டு பக்கமும் மாடி கேலரி போட்டு, பிரசங்க பீடத்தை உயரமா தூக்கி வெச்சிருக்காங்க. எந்த மூலையில உக்காந்தாலும் பாதிரியார் முகம் தெரியும். அதுக்கு இன்னொரு பக்கமும் உண்டு: நீங்க தூங்கினா அவருக்கும் தெரியும்.

அப்புறம் அந்தப் பெட்டிங்க. நம்ம ஊர் மாதிரி பெஞ்சு வரிசை இல்ல, இடுப்புக்கு மேல உயரமா மரப் பலகை அடிச்சு, கதவு வெச்சு, குட்டிக் குட்டி ரூம் மாதிரி. ஒவ்வொரு பெட்டியும் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம், காசு குடுத்து வாங்கணும், வித்துக்கலாம், பிள்ளைங்களுக்கு எழுதி வெக்கலாம். கதவுல நம்பரும் பேரும் பித்தளைத் தகடுல இருக்கும். எதுக்கு இவ்வளவு உயரம்னு நான் ஒரு ஜனவரி மாசம் உள்ள உக்காந்தப்பதான் எனக்குப் புரிஞ்சுது. அந்தக் காலத்துல கட்டடத்துக்கு ஹீட்டிங் கிடையாது, வீட்டுல இருந்து ஒரு சின்ன தகரப் பெட்டியில கங்கு போட்டு எடுத்துட்டு வந்து காலடியில வெச்சுக்குவாங்க, சுத்தி பலகை இருந்தா அந்தச் சூடு வெளிய போகாது, மேல இருந்து வர்ற குளிர் காத்தும் தோள் வரைக்கும் தடுத்துடும். உள்ள உக்காந்து கதவைச் சாத்திப் பாருங்க, சத்தியமா வித்தியாசம் தெரியும்.

பெட்டி வாங்க முடியாதவங்க? மாடி. அங்கதான் அடிமைகளா இருந்த கறுப்பினத்தவங்களும், சுதந்திரமா இருந்த கறுப்பினத்தவங்களும் உக்காந்தாங்க. கீழ தகடுல பேர் பொறிச்ச ஆளுங்க பாதிப்பேர் கடல் வியாபாரிங்க, அந்த வியாபாரத்துல அடிமைங்க எங்கியாவது ஒரு இடத்துல இல்லாம இருக்க மாட்டாங்க.

இதுக்கு சாட்சியா ஒரு பெட்டியே இருக்கு, கட்டாயம் தேடிப் பாருங்க. 1727ல "ஹோண்டுராஸ் குடாவின் கனவான்களுக்கு"ன்னு ஒதுக்கினது. யார் அவங்க? இன்னிக்கு பெலீஸ்னு சொல்ற கரையில லாக்வுட்னு ஒரு சாயமரம் வெட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பின வியாபாரிங்க. அந்த மரத்தோட நடுவயிரத்தைச் சீவி ஊறவெச்சா கறுப்பும் ஊதாவுமா சாயம் இறங்கும், துணி ஆலைங்களுக்கு அப்போ அது தங்கம் மாதிரி. இன்னிக்கும் ஆஸ்பத்திரி லேப்ல பயாப்சி ஸ்லைடை ஹீமடாக்சிலின் போட்டு ஊதாவா ஆக்கறாங்களே, அந்தச் சாயம் இந்த மரத்துல இருந்து எடுக்கறதுதான். சதுப்பு நிலத்துல இடுப்பளவு தண்ணியில நின்னு அந்த மரத்தை வெட்டினது ஆப்பிரிக்க அடிமைகள். வியாபாரிங்க கப்பல்ல மரமா அனுப்பி, அதை வித்து சர்ச்சுக்குக் காசாக்கிக்கச் சொன்னாங்க, கோபுரச் செலவுக்கு அந்தப் பணம் போச்சு. பதிலுக்கு, ஊருக்கு வரும்போது உக்கார ஒரு நல்ல பெட்டி.

இன்னொரு ஆள் கேப்டன் நியூவார்க் ஜாக்சன், சபை மெம்பர், கொக்கோ வியாபாரி. ரொம்ப காலமா சர்ச்சு வளாகத்துல அவர் பேர்ல ஒரு சாக்லேட் கடை கூட வெச்சிருந்தாங்க, பழைய முறையில கொக்கோ அரைச்சுக் காட்டுவாங்க, பசங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். அப்புறம் ஆவணங்களைத் தோண்டினப்பதான் தெரிஞ்சுது, கொக்கோவோட சேத்து அடிமைகளைக் கடத்தறதும் அந்த ஆளோட தொழில், 1743ல சுரினாம் பக்கம் அந்த வேலையில இருக்கும்போதே கப்பல்ல கலகம் வந்து செத்தார்னு. சர்ச்சு அதை மூடி மறைக்கல, பேரை எடுத்துட்டு கதையை வெளிப்படையா சொல்றாங்க. அது எனக்குப் பிடிச்சிருந்துது.

ஆர்கனுக்குப் பக்கத்துல மாடியில நாலு மரத் தேவதை பொம்மைங்க நிக்கும், தலையை அண்ணாந்து பாருங்க. இதுங்க திருட்டுச் சொத்து! சட்டப்படியான திருட்டு. பிரான்ஸோட சண்டை நடந்தப்ப எதிரிக் கப்பலைப் பிடிக்க தனியார் கேப்டன்களுக்கு அரசாங்கமே லைசென்ஸ் குடுக்கும், அப்படி லைசென்ஸ் வெச்சிருந்த தாமஸ் ஜேம்ஸ் குரூஷிங்கற கேப்டன், கனடா பக்கம் கத்தோலிக்க கோயிலுக்குப் போயிட்டிருந்த சாமான்ல இருந்து இதுங்களைப் பிடிச்சுட்டு வந்து 1746ல தன் சபைக்கு காணிக்கையா குடுத்துட்டார். கத்தோலிக்க சுரூபமே ஆகாதுன்னு இருந்த ஊர்ல, கத்தோலிக்க தேவதைங்க புராட்டஸ்டண்டு மாடியில நின்னு எக்காளம் ஊதுது. பக்கத்துலயே 1726ல செஞ்ச கடிகாரம் இருக்கு, சபை ஆளுங்களே பண்ணினது, இன்னும் ஓடுது. ஆர்கன் பெட்டி 1759. நடுவுல தொங்குற பித்தளை சரவிளக்கும் ஒரு கேப்டன் குடுத்ததுதான், மின்சாரம் கிடையாது, விசேஷ நாள்ல மெழுகுவத்திதான்.

ரெண்டாம் ஜார்ஜ் ராஜா 1733ல வெள்ளிப் பாத்திரமும் பைபிளும் அனுப்பினார். அந்த பைபிளுக்கு வினிகர் பைபிள்னு பேர். 1717ல ஆக்ஸ்ஃபோர்டுல அச்சடிக்கும்போது லூக்கா 20ம் அதிகாரத்து மேல திராட்சைத் தோட்ட உவமைன்னு வர வேண்டிய இடத்துல எழுத்து கோத்தவன் வினிகர் உவமைன்னு கோத்துட்டான். அச்சுக்காரர் பேர் பாஸ்கெட், அதனால கூடை நிறைய தப்புன்னு அப்பவே கிண்டல் பண்ணியிருக்காங்க.

இப்போ கோபுரம். 1740ல செங்கல் கோபுரத்து மேல மரத்துல ஊசிக் கோபுரம் வெச்சு 191 அடிக்குத் தூக்கினாங்க, அப்போ பாஸ்டன்லயே அதுதான் உயரம், துறைமுகத்துக்குள்ள வர்ற கப்பலுக்கு அடையாளமே அதுதான். உச்சியில காத்துத் திசைகாட்டி செஞ்சது ஷெம் டிரவுன்னு ஒரு கன்னார், பாஸ்டன்லயே ஃபேனியல் ஹால்ங்கற பழைய கட்டடத்து மேல இருக்குற வெட்டுக்கிளித் திசைகாட்டியும் அவர் கைதான். 1757 செப்டம்பர்ல ஜான் சைல்ட்ஸ்னு ஒரு வித்தைக்காரன் இந்தக் கோபுரத்துல இருந்து பறந்தே காட்டியிருக்கான், ஊரே வேலை வெட்டியை விட்டுட்டு வேடிக்கை பாக்கப் போனதால இனிமே பறக்கக்கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க. சர்ச்சு முற்றத்துல அதுக்கு ஒரு கல்வெட்டு இருக்கு, நிறையப் பேர் கவனிக்காமலே மிதிச்சுட்டுப் போயிடுவாங்க.

ஆனா நீங்க இன்னிக்கு அண்ணாந்து பாக்கற ஊசிக் கோபுரம் அது இல்ல. 1804 அக்டோபர்ல பனியோட சேந்து ஒரு புயல் அடிச்சுது, அதுல முதல் கோபுரம் விழுந்துச்சு. சார்லஸ் புல்ஃபின்ச்ங்கற ஆர்க்கிடெக்ட்டோட டிசைன்னு சொல்லி கொஞ்சம் குட்டையா ரெண்டாவது ஒண்ணு வெச்சாங்க, அது 1954 ஆகஸ்ட் 31ம் தேதி கேரல் புயல்ல விழுந்துச்சு. இப்போ நிக்கிறது மூணாவது, பழைய ரெண்டுல இருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து 1955ல கட்டினது, உயரம் சுமார் 175 அடி. அதாவது லாந்தர் எரிஞ்ச கோபுரம்னு கைகாட்டி போட்டோ எடுக்கறவங்க எடுக்கறது அவங்க தாத்தா வயசு கூட ஆகாத மரத்தை. திசைகாட்டி மட்டும் 1740து.

மணி சமாச்சாரம் தனி. மொத்தம் எட்டு, இங்கிலாந்து குளோஸ்டர்ல ஏபல் ரட்ஹால் பட்டறையில 1744ல வார்த்து கப்பல்ல வந்து அடுத்த வருஷம் மாட்டினது. சின்னது 620 பவுண்ட், பெருசு 1,545 பவுண்ட். வட அமெரிக்காவுல பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்காக வார்த்த முதல் மணித் தொகுதி நாங்கதான்னு ஒரு மணியிலயே எழுதியிருக்கு. நம்ம ஊர் சர்ச்சு மணி மாதிரி கயித்தை இழுத்தா டங்குன்னு அடிக்கறது இல்ல. ஒவ்வொரு மணியும் ஒரு முழுச் சக்கரத்துல மாட்டியிருக்கும், மணி வாய் மேல பாத்து நின்னு ஒரு முழு வட்டம் சுத்தி வரும், ஒரு மணிக்கு ஒரு ஆள் ஒரு கயிறு. அதனால பாட்டு வாசிக்க முடியாது, வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைச்சு வரிசையை மட்டும் மாத்தலாம். எட்டு மணிக்கு 40,320 வரிசை வரும், ஒண்ணு கூட திரும்ப வராம அடிக்கறதுதான் வித்தை. இப்போ அடிக்கறது எம்.ஐ.டி மணியடிக்கிற சங்கத்துக்காரங்க, கணக்குப் பசங்களுக்கு ஏத்த வேலைதான். லாந்தர் ராத்திரியில குதிரை ஏறிப் போய் ஊரை எச்சரிச்ச பால் ரிவீர் இருக்காரே, பதினஞ்சு வயசுல இருந்தப்ப அவரும் கூட்டாளிகளும் வாரத்துல ஒரு ராத்திரி ரெண்டு மணி நேரம் மணியடிக்கிறோம்னு எழுத்துல ஒப்பந்தம் போட்டுக் குடுத்தாங்க. ரிவீர் குடும்பம் வேற சபை, ஆனா அந்தப் பையனுக்கு இந்தக் கோபுரப் படிக்கட்டு அத்துப்படி. இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு அது பயன்பட்டுது.

அந்த ராத்திரி கதை உங்களுக்குத் தெரியும்னீங்க, அதனால தப்பா பரவின ரெண்டு விஷயத்தை மட்டும் சொல்றேன். 1775 ஏப்ரல் 18. பாஸ்டன்ல இருக்குற பிரிட்டிஷ் பட்டாளம் கிளம்பப் போகுது, தரை வழியா போனா ஒரு லாந்தர், சார்லஸ் ஆத்துல படகுல போனா ரெண்டு. பசங்க பாடப்புத்தகத்துல ரிவீரைப் பத்தி லாங்ஃபெல்லோ எழுதின கவிதையைப் படிச்சுட்டு, அக்கரையில ரிவீர் காத்துக்கிட்டு நின்னார், விளக்கைப் பாத்ததும் குதிரை ஏறினார்னு நினைக்கறாங்க. உல்டா. விளக்கு ரிவீருக்கு இல்ல, ரிவீர் ஏற்பாடு பண்ணின விளக்கு. நான் ஆத்தைத் தாண்ட முடியாம மாட்டிக்கிட்டாலும் சேதி போய்ச் சேரணும்னு ரெண்டு நாள் முன்னாடியே சார்லஸ்டவுன் ஆளுங்ககிட்ட சொல்லி வெச்சிருந்தார். ஆத்துல சோமர்செட்னு ஒரு போர்க்கப்பல் நின்னுட்டிருந்துச்சு, அவங்க கண்ணுல பட்டா அவ்வளவுதான், அதனால ஒரு நிமிஷத்துக்கும் குறைவா காட்டிட்டு அணைச்சுட்டாங்க.

ரெண்டாவது, ஏத்தினது ரிவீரும் இல்ல. ராபர்ட் நியூமன், சர்ச்சோட கோயில்பிள்ளை, 23 வயசு. கூட சபைக் கமிட்டி மெம்பர் ஜான் புல்லிங். ரெண்டு பேரும் சாவி வெச்சிருந்த ஆளுங்க. இறங்கி வர்றதுக்குள்ள தெருவுல சோல்ஜருங்க, அதனால பலிபீடத்துப் பக்கத்து ஜன்னல் வழியா நியூமன் குதிச்சு ஓடினார்னு சொல்லுவாங்க. அந்த ஜன்னலை எப்பவோ செங்கல் வெச்சு அடைச்சுட்டாங்க, 1989ல ரிப்பேர் வேலையில திரும்பக் கிடைச்சுது. இப்போ அதுல ஒரு லாந்தர் தொங்குது, 1975ல இருநூறாவது வருஷத்துக்கு பிரசிடெண்ட் ஃபோர்டு வந்து ஏத்தின மூணாவது லாந்தர்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் என்னன்னா, இது ராஜாவோட சர்ச்சு. ராஜா குடுத்த வெள்ளி, ராஜாவுக்கு ஜெபம். அப்போ இருந்த குரு மேதர் பைல்ஸ் ஜூனியர் பக்கா ராஜ விசுவாசி, சபையோட ஒத்துப்போகாம அவர் வேலையை ராஜினாமா பண்ணின தேதி என்ன தெரியுமா? அதே ஏப்ரல் 18. பகல்ல பாதிரியார் கிளம்பறார், ராத்திரி கோயில்பிள்ளை கோபுரம் ஏறறார். அதுக்கப்புறம் 1778 வரைக்கும் சர்ச்சு பூட்டியே கிடந்துச்சு.

கீழ நிலவறைக்கும் தனியா டூர் இருக்கு, எடுத்துக்கோங்க. 37 கல்லறை அறை, சுமார் 1,100 பேர். கட்லர் அங்கதான். லாந்தர் ஏத்தின மறுநாள் காலைல, சுதந்திரப் போர் ஆரம்பிச்ச லெக்சிங்டன்ல பிரிட்டிஷ் முன்படையை நடத்தின மேஜர் பிட்கேர்னும் அங்கதான், ரெண்டு மாசத்துல பங்கர் ஹில் சண்டையில செத்துப்போனார். அவருக்கு எதிரா லாந்தர் ஏத்தின கோபுரத்துக்கு அடியிலயே புதைச்சிருக்காங்க. பின்னாடி குடும்பம் உடம்பைக் கேட்டப்ப ஆள் மாறி வேற யாரையோ லண்டனுக்கு அனுப்பிட்டாங்கன்னு ஒரு கதை உண்டு, கைடு கண்டிப்பா சொல்லுவார். உயரமானவங்க தலையைப் பாத்துக்கோங்க, குழாய் எல்லாம் தாழ்வா போகுது.

நேரம் இருந்தா, கார் வெச்சிருந்தா, தெக்க ரோட் ஐலண்டு நியூபோர்ட்ல டிரினிட்டி சர்ச்சு. ரிச்சர்ட் மண்டே 1726ல முடிச்சது, ஓல்ட் நார்த்தோட தம்பின்னே சொல்லலாம், ஆனா முழுக்க மரம். 1762ல இடம் பத்தலைன்னு கட்டடத்தையே குறுக்கால அறுத்து, பின்பாதியைத் தள்ளி வெச்சு, நடுவுல இடைவெளியை நிரப்பி நீட்டிட்டாங்க. செங்கல்ல அதெல்லாம் நடக்குமா!

உள்ள எல்லாமே வெள்ளை வெளேர்னு இருக்குமே, பழங்காலத்து எளிமைன்னு எல்லாரும் புகழுவாங்க, நானும் வந்தவங்ககிட்ட அப்படித்தான் அளந்து விட்டிருக்கேன். தப்பு. அந்த வெள்ளை 1912ல அடிச்சது. அதுக்கு அடியில 1730 வாக்கில ஜான் கிப்ஸ்னு ஒரு சபை ஆள் கலர் கலரா வரைஞ்ச குட்டித் தேவதை முகங்கள் ஏழு எட்டு கோட்டு பெயிண்டுக்கு அடியில பத்திரமா இருந்திருக்கு, 2024ல நிபுணர்களை வெச்சு ஒவ்வொண்ணா சுரண்டி வெளிய எடுத்தாங்க. ரெக்கையும் குண்டுக் கன்னமுமா, ஒவ்வொண்ணும் வேற வேற முகம். கேலரி மேல வளைவுங்களுக்கு நடுவுல இருக்கும். ஒரு மணி நேரம் ஒதுக்குங்க, நிலவறையும் சேத்தா ஒன்றரை. காலைல முதல் ஆளா போயிடுங்க, பதினொரு மணிக்கு மேல ஸ்கூல் பசங்க பஸ்ஸு பஸ்ஸா வந்து இறங்கிடுவாங்க, அப்புறம் ஹோண்டுராஸ் பெட்டிகிட்ட நிக்கக்கூட இடம் இருக்காது.